1966 மஸ்டாங்கில் எக்ஸ்புளோரர் ஆக்சில்: மாட்டலாமா, மாட்டினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப்பே இருக்கிறது. 289 வி8 இஞ்சின், இரட்டை பேரல் கார்புரேட்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. பின்னால் கம்பெனி போட்ட 8 அங்குல ஆக்சில் (உள்ளே இருக்கும் பெரிய கியரான கிரவுனின் விட்டம்தான் இந்த அங்குலக் கணக்கு), 3.00 ரேஷியோ, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற அதற்கு வரும் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பக்கத்து யார்டில் உடைக்கப்போகும் 1998 எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல ஆக்சில், டிஸ்க் பிரேக்கோடு மலிவாகக் கிடைக்கிறது. நண்பர் ஒருவர் 9 அங்குல ஆக்சிலைத் தவிர வேறு எதுவும் தாங்காது என்கிறார். பிற்பாடு ஐந்து கியர் டி5 பெட்டி போடும் எண்ணமும் இருக்கிறது. எக்ஸ்புளோரர் ஆக்சிலை அப்படியே போல்ட் போட்டு மாட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இப்போது இருப்பது உண்மையிலேயே போதாதா?

ஆக்சில், கியர் வேலைதான் பல வருடங்களாக என் தொழில். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: மாட்டலாம், நன்றாகவே ஓடும். ஆனால் போல்ட் போட்டு மாட்டும் வேலை இல்லை இது. ஒரு பக்கக் குழாயை வெட்டிக் குறைக்க வேண்டும், ஸ்பிரிங் உட்காரும் மேடைகளைப் புதிதாக வெல்டு செய்ய வேண்டும், கியர்பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை மாற்ற வேண்டும், முன்பக்க பிரேக்கையும், மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையும் கூடத் தொட வேண்டும். ஆக்சிலின் விலை இந்தச் செலவில் சிறு பகுதிதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு இறங்கினால் நல்ல மாற்றம். தெரியாமல் இறங்கினால் பாதி வேலையில் வண்டி மாதக்கணக்கில் ஜாக்கி மேல் நிற்கும்.

முதலில் வலிமை. உங்கள் 289, கம்பெனிக் கணக்கில் 200 குதிரைசக்தி, 282 பவுண்டு-அடி டார்க். அது அந்தக் காலத்து மொத்தக் கணக்கு. ஃபேன், ஆல்டர்னேட்டர், முழு சைலன்சர் எல்லாம் இல்லாமல் இஞ்சினை மட்டும் ஓட்டி அளந்தது. சக்கரத்துக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. இந்த இஞ்சினுக்கு ஃபோர்டு கொடுத்த 8 அங்குல ஆக்சில் சரியான துணை. அதே ஆண்டில் 271 குதிரைசக்தி ஹைபர்ஃபார்மன்ஸ் 289க்குத்தான் 9 அங்குலம் கொடுத்தார்கள். ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு இன்னும் சின்ன ஆக்சில், நான்கு போல்ட் சக்கரம். ஆகவே நல்ல நிலையில் இருக்கும் 8 அங்குலம், சாதாரண டயரோடு தெருவில் ஓடும் உங்கள் வண்டிக்குப் போதும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சந்தேகமான பகுதி எது என்றால், இந்த ஆக்சில் இத்தனை குதிரைசக்தி தாங்கும், அது அத்தனை தாங்கும் என்று ஊரெல்லாம் சொல்கிற எண்கள். அவற்றை நான் நம்புவதில்லை. ஆக்சிலை உடைப்பது குதிரைசக்தி என்பதைவிட, டயரின் பிடிப்பும் அதிர்ச்சியும்தான். வழுக்குகிற டயரில் 400 குதிரைசக்தி இருந்தாலும் சக்கரம் சுழன்று தப்பித்துவிடும். ஒட்டிப் பிடிக்கிற ரேஸ் டயரில், ஆயிரக்கணக்கான ஆர்பிஎம்மில் கிளட்சைப் படாரென்று விட்டால் பாதி சக்தியிலேயே ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. டி5 போட்டபின் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உங்கள் ஆக்சிலைப் பற்றி யோசிக்க நியாயமான காரணம் அதுதான்.

நண்பர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஃபோர்டின் 9 அங்குலம் 1957இல் வந்து 1986 வரை கம்பெனியில் தயாரானது, இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கிரவுனைச் சுற்றவைக்கும் சிறு கியரான பினியனின் முன்முனைக்கும் தனியாக ஒரு பேரிங் உண்டு, அதனால் சுமை ஏறும்போது பினியன் கிரவுனை விட்டு விலகுவது குறைவு. கியர் முழுவதும் முன்பக்கமாகக் கழன்று கையில் வந்துவிடும், மேஜைமேல் வைத்து நிதானமாக செட் செய்யலாம். சக்கர ஷாஃப்டைப் பிடித்திருப்பது குழாயின் வெளிமுனையில் உள்ள தட்டு. இதெல்லாம் நிஜமான பலங்கள். பதிலுக்கு எடை கூடுதல். பினியன் கிரவுனின் மையத்துக்கு நன்றாகக் கீழே கடிப்பதால் பற்கள் அதிகம் வழுக்கி உரசும், கொஞ்சம் சக்தி சூடாகப் போகும். இழுவைப் பந்தயத்துக்குப் போகிறவருக்கு அது பொருட்டில்லை. 200 குதிரைசக்தி தெரு வண்டிக்கு 9 அங்குலம்தான் வேண்டும் என்பது எனக்கு மிகையாகத் தெரிகிறது.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. அறுபது வருட வண்டியில் எதை யார் எப்போது மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது, அதனால் உங்களுடையது 8 அங்குலம்தானா என்று பாருங்கள். கியர் கூட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் அடியில் உள்ள இரண்டைக் கவனியுங்கள். எல்லாவற்றிலும் சாக்கெட் ஏறினால் 8. அடியில் உள்ள இரண்டிலும் சாக்கெட் ஏறாமல் ஸ்பானர் மட்டுமே போனால் 9. ஏற்கெனவே யாராவது 9 போட்டிருந்தால் உங்கள் திட்டமே மாறிவிடும்.

சரி, 8.8க்கு வருவோம். இது 1983 வாக்கில் வந்த வடிவம். எக்ஸ்புளோரரில் வந்ததுதான் நமக்கு உகந்தது. 31 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் (ஸ்ப்ளைன் என்பது ஷாஃப்ட் முனையில் வெட்டியிருக்கும் பற்கள்), கனமான 3¼ அங்குலக் குழாய், லீஃப் ஸ்பிரிங் வண்டிக்கான ஹவுசிங் என்னும் வெளிக்கூடு, சக்கர போல்ட் வட்டம் உங்கள் மஸ்டாங்கில் உள்ள அதே ஐந்து போல்ட், 4½ அங்குலம். 1995 முதல் பின்னால் டிஸ்க் பிரேக் வந்தது. 2002இல் புதிய எக்ஸ்புளோரர் தனித்தனி சஸ்பென்ஷனுக்குப் போய்விட்டது, ஆகவே 1995 முதல் 2001 வரையிலான வண்டிகளில்தான் தேட வேண்டும். 8.8 என்று சொல்லிப் பழைய ஃபாக்ஸ் மஸ்டாங்கின் ஆக்சிலையும் விற்பார்கள். அதன் தலையில் காயில் ஸ்பிரிங் வண்டிக்கான காதுகள் இருக்கும், பெரும்பாலும் நான்கு போல்ட் சக்கரம், 28 ஸ்ப்ளைன். அது வேண்டாம்.

அகலத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அளக்க வேண்டியது ஒரு பக்கம் சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து மறுபக்க முகம் வரை. 1965, 66 மஸ்டாங்கில் இது சுமார் 57¼ அங்குலம். 1967 முதல் 1970 வரை சுமார் 59¼. எக்ஸ்புளோரரில் சுமார் 59½. ஆகவே 67க்குப் பிந்திய வண்டி என்றால் வெட்டாமலே உட்காரும். உங்கள் 66இல் அப்படியே வைத்தால் இரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் வெளியே தள்ளி, டயர் ஃபெண்டர் விளிம்பில் உரசும். உள்ளே அதிகம் தள்ளும் சக்கரம் வாங்கிச் சமாளிப்பவர்களும் உண்டு, ஆனால் பழைய ஸ்டீல் சக்கரங்களையே வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு அது ஆகாது.

எக்ஸ்புளோரரில் கியர் தலை நடுவில் இல்லை, பயணி பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் ஓட்டுநர் பக்கக் குழாயும் ஷாஃப்டும் நீளம், பயணி பக்கத்தினுடையது குட்டை. நீளமான பக்கக் குழாயைக் குட்டையான பக்கத்தின் அளவுக்கே வெட்டிவிட்டு, அங்கேயும் ஒரு குட்டை ஷாஃப்டையே போடலாம். இன்னொரு எக்ஸ்புளோரரின் பயணி பக்க ஷாஃப்ட் யார்டிலேயே கிடைக்கும். லேத்தில் புது ஸ்ப்ளைன் வெட்டவோ, ஆர்டர் கொடுத்து ஷாஃப்ட் செய்யவோ தேவையில்லை. ஏறக்குறைய 3 அங்குலம் குறைந்து மொத்த அகலம் சுமார் 56½க்கு வரும், பினியனும் நடுப்பக்கம் வந்துவிடும். வெட்ட வேண்டிய சரியான அளவு உங்கள் கையில் இருக்கும் இரண்டு ஷாஃப்டுகளின் நீள வித்தியாசம். எங்கோ படித்த எண்ணை வைத்து வெட்டாதீர்கள், இரண்டையும் பக்கத்தில் கிடத்தி அளந்துவிட்டு வெட்டுங்கள்.

இந்த வெட்டும் வேலையை வீட்டில் செய்யலாமா என்பீர்கள். நான் வேண்டாம் என்பேன். வெட்டிய குழாயின் முனையில் பேரிங் உட்காரும் தலையைத் திரும்ப வெல்டு செய்யும்போது அது மற்ற முனையோடு நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஹவுசிங்கின் உள்ளே பொய் பேரிங்குகளில் ஒரு நேரான கனத்த கம்பியைச் செருகி, அதன்மேல்தான் வெல்டு செய்வார்கள். கண்ணால் நேராகத் தெரிவது போதாது. சிறு கோணம் பிசகினால் பேரிங் சீக்கிரம் போகும், ஆயில் சீல் கசியும், டயர் ஒரு பக்கம் தேயும். அந்தக் கம்பி வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நடுக் கூட்டிலிருந்து குழாய் வெளியேறும் இடத்தையும் அங்கேயே வெல்டு செய்யச் சொல்லலாம். கம்பெனியில் குழாயை வார்ப்பிரும்புக் கூட்டில் அழுத்திச் செருகிச் சில புள்ளிகளில் மட்டும் பற்றவைத்திருப்பார்கள், பெரிய சக்தியில் குழாய் சுழன்றுவிடலாம். உங்கள் இஞ்சினுக்கு அது கட்டாயமில்லை. செய்வதானால் கூட்டை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கம்பியால் செய்து, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் செய்ய வேண்டும். அவசரமாகச் செய்தால் வார்ப்பு விரிசல் விடும்.

யார்டில் ஆக்சிலை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. பின்மூடியின் போல்ட் ஒன்றில் சிறு தகடு தொங்கும். அதில் 3எல்73 என்பதுபோல் எண்ணுக்கு நடுவே ஆங்கில எல் எழுத்து இருந்தால் 3.73 ரேஷியோ, லிமிட்டட் ஸ்லிப் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் சக்தி போகும் வகை). எழுத்து இல்லாமல் இருந்தால் சாதாரண டிஃபரன்ஷியல். தகடு தொலைந்திருந்தால் மூடியைக் கழற்றிக் கிரவுன் பற்களை எண்ணிப் பினியன் பற்களால் வகுத்துவிடுங்கள். இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒன்றைக் கையால் சுற்றினால் மற்றது அதே பக்கம் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண வகை, அல்லது உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்துபோன லிமிட்டட் ஸ்லிப். தகடுகளை மாற்றுவது பெரிய செலவில்லை, அதற்காக விலக்க வேண்டாம். நான் மிகவும் கவனிப்பது ஷாஃப்டைத்தான். இந்த ஆக்சிலில் சக்கர பேரிங்கின் உருளைகள் நேராக ஷாஃப்டின் மேலேயே ஓடுகின்றன, தனி உள்வளையம் கிடையாது. பேரிங் ஓடிய இடத்தில் நகம் மாட்டுகிற அளவு பள்ளமோ, நீலம் பாரித்த நிறமோ இருந்தால் அந்த ஷாஃப்ட் குப்பைக்குத்தான். புது பேரிங் போட்டாலும் சத்தம் போகாது.

இந்த ஷாஃப்டுகளை டிஃபரன்ஷியலுக்குள் உள்ள சி வடிவ கிளிப்புகள்தான் பிடித்திருக்கின்றன. ஷாஃப்ட் முறிந்தால் முறிந்த துண்டோடு சக்கரமே வெளியே வரக்கூடும் என்பதுதான் இதன் மீதுள்ள பெரிய குற்றச்சாட்டு. அது உண்மை. வேகமான பந்தய வகுப்புகளில் வேறு பிடிப்பு முறையைக் கட்டாயமாக்கியிருப்பதும் அதனால்தான். ஆனால் கோடிக்கணக்கான மைல்கள் சாதாரணச் சாலையில் ஓடிய ஏற்பாடு இது. டிஸ்க் பிரேக் உள்ள ஆக்சிலில் காலிப்பர் ரோட்டரைக் கவ்வியிருப்பதால் சக்கரம் உடனே கழன்று ஓடாமல் ஓரளவு தடுக்கும் என்றும் சொல்வார்கள். அதை நம்பி வண்டி ஓட்டச் சொல்ல மாட்டேன். நல்ல ஷாஃப்ட் போடுங்கள், அதுதான் பாதுகாப்பு.

ரேஷியோவை இப்போதே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் 8.8இல் கிரவுனும் பினியனும் மாற்றுவது ஹவுசிங்குக்குள்ளேயே ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் வைத்து அளந்து செய்யும் வேலை, செலவும் அதிகம். எந்த ரேஷியோ வேண்டுமோ அதே ரேஷியோ உள்ள ஆக்சிலை யார்டில் தேடுவது புத்திசாலித்தனம். கணக்கு எளிது: மைல் வேகத்தை 336ஆல் பெருக்கி, ரேஷியோவால் பெருக்கி, டயர் உயரத்தின் அங்குலத்தால் வகுத்தால் இஞ்சின் சுற்று. 26 அங்குல டயர், 70 மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால் இப்போதைய 3.00இல் சுமார் 2,700 சுற்று. சி4 பெட்டியின் கடைசி கியர் நேர் இணைப்பு என்பதால் அதில் 3.73 போட்டால் சுமார் 3,370, 4.10 போட்டால் 3,700. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பார்த்தால் அடுத்த வாரமே விற்கத் தோன்றும். டி5 வந்தால் கதை வேறு. எண்பதுகளின் பிற்பகுதி மஸ்டாங் வி8இல் வந்த டி5க்கு ஐந்தாம் கியர் 0.68, ஆகவே 3.55 ஆக்சிலோடு அதே 70 மைலில் சுமார் 2,180, 3.73இல் சுமார் 2,290. அதே பெட்டியின் முதல் கியரோ 3.35, சி4 பெட்டியின் 2.46ஐவிட மிகவும் தாழ்வு. 3.35ஐ 3.73ஆல் பெருக்கினால் 12.5 வருகிறது. இப்போது உங்களிடம் இருப்பது 7.4. முதல் கியரில் கிளம்பியவுடனே இரண்டாவதுக்குத் தாவ வேண்டியிருக்கும். இந்த இஞ்சினுக்கு, டி5 உறுதி என்றால், நான் 3.55ஐத் தேடுவேன். சி4 பெட்டியே நிரந்தரம் என்றால் எக்ஸ்புளோரரில் 3.27உம் வந்தது, அது போதும்.

இனி ஸ்பிரிங் மேடை. பழைய எக்ஸ்புளோரர் மேடைகளையும் ஷாக் அப்சார்பர் காதுகளையும் சீவி எடுத்துவிட்டு, மஸ்டாங் ஸ்பிரிங்குக்கான புது மேடைகளை வைக்க வேண்டும். இரண்டு மேடைக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு உங்கள் பழைய 8 அங்குல ஆக்சிலையே அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மேடைகளை முதலில் தளர்வாகக் குழாயில் வைத்து, ஆக்சிலை வண்டியில் ஏற்றி, யு-போல்ட் போட்டு, சக்கரம் மாட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கோணத்தை அளக்க வேண்டும். உடலைத் தாங்கிகளில் நிறுத்தி ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்தால் அந்த எண் எதற்கும் உதவாது. ஸ்பிரிங்கின் முன்கண்ணிலிருந்து ஆக்சில் வரை இரு பக்கமும் ஒரே தூரமா என்றும் பாருங்கள், இல்லையென்றால் வண்டி நண்டு நடையில் போகும்.

பினியன் கோணம் ஏன் இத்தனை முக்கியம் என்று சொல்கிறேன். புரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள மடங்கும் இணைப்புதான் யு-ஜாயின்ட். அது கோணத்தில் சுழலும்போது ஷாஃப்ட் ஒரே சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். முன்னால் உள்ள ஜாயின்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்னால் உள்ள ஜாயின்ட் அழிக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு கோணத்தில், எதிரெதிராக இருந்தால்தான் அது நடக்கும். அதாவது கியர்பெட்டியின் வெளிவரும் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். கியர்பெட்டி பின்பக்கமாக 3 டிகிரி சரிந்திருந்தால் பினியன் மூக்கு 3 டிகிரி மேல்நோக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் இன்னொன்றும் சேர்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு மேலே எழும்பும். அதற்கு இடம் விட்டு, நிற்கும்போது இணை நிலையைவிட ஒன்றிரண்டு டிகிரி கீழே வைப்பது வழக்கம். உங்கள் இஞ்சினுக்கு இரண்டு டிகிரியே போதுமானதாக இருக்கும். ஸ்பிரிங்கின் தேய்மானமும் டயரின் பிடிப்பும் தெரியாமல் இதைவிடத் துல்லியமாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஜாயின்ட்டும் வேலை செய்யும் கோணம் 3 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சுழியாகவும் இருக்கக்கூடாது. கொஞ்சமாவது கோணம் இருந்தால்தான் உள்ளே ஊசி பேரிங்குகள் உருளும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் நின்று பள்ளம் போடும்.

கோணம் சரியானதும் வண்டிக்கு அடியிலேயே தற்காலிகமாகப் புள்ளி புள்ளியாக டேக் வெல்டு போட்டுவிட ஆசை வரும். மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்க் ஆக்சிலுக்குச் சற்றுப் பின்னால், டிக்கியின் தரையாகவே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கோணத்தையும் இடத்தையும் குழாயில் உளியால் அழுத்தமாகக் கோடு போட்டுக்கொண்டு, ஆக்சிலை வெளியே இறக்கிப் பட்டறையில் வெல்டு செய்யுங்கள். இந்த விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் இருப்பேன். வெல்டு செய்யும்போது பேரிங், சீல் எல்லாம் வெளியே இருக்கட்டும். ஒரேயடியாகச் சுற்றி இழுக்காமல், சிறு சிறு துண்டுகளாக, ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டுப் போடுங்கள். சூடு ஒரே இடத்தில் குவிந்தால் குழாய் வளையும். எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். முடிந்தபின் அந்த நேர்கம்பியை மறுபடி செருகிச் சோதியுங்கள். யு-போல்ட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். குழாயின் விட்டம் வேறு என்பதால் பழையவை எப்படியும் சேராது.

புரொப்பல்லர் ஷாஃப்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்புளோரர் பினியனில் வட்டத் தட்டு இருக்கும், உங்கள் பழைய ஷாஃப்டின் ஜாயின்ட் அதைவிடச் சிறிது. தட்டோடு சேர்த்து அதன் மறுபாதியையும் யார்டிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். இரண்டு அளவையும் இணைக்கும் கன்வர்ஷன் ஜாயின்ட் கடையில் கிடைக்கும். நீளத்தை எடை இறங்கிய நிலையில் அளந்து, கியர்பெட்டிக்குள் செருகும் முன்பக்க யோக் முழுவதும் உள்ளே போனபின் முக்கால் முதல் ஓர் அங்குலம் வெளியே வரும்படி வெட்டிப் பேலன்ஸ் செய்து வாங்குங்கள். டி5 பெட்டியின் நீளம் சி4இலிருந்து வேறாக இருக்கலாம் என்பதால், இரண்டு மாற்றத்தையும் ஒரே சமயத்தில் செய்தால் ஷாஃப்டை ஒருமுறை மட்டும் வெட்டினால் போதும்.

பிரேக்கை நீங்கள் கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எனக்கு இதுதான் முதல் கவலை. 1966 மஸ்டாங்கில் ஒரே சுற்று மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இரட்டைச் சுற்று 1967இல்தான் வந்தது. முன்னால் டிரம்மை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் டிஸ்க் போடுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கரத்தினுடையது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பகுதி சுழலும், ஈரச் சாலையில் அதைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. ஆகவே முதலில் முன்பக்க டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், அதன்பிறகு பின்பக்கம். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருக்கும். அது டிஸ்க் லைனில் இருந்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும், அதனால் டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர்தான் வேண்டும். பின்லைனில் அழுத்தத்தைக் குறைக்கும், திருகி மாற்றக்கூடிய புரொபோர்ஷனிங் வால்வு ஒன்றையும் வைத்து, காலி மைதானத்தில் முன்சக்கரம் முதலில் பூட்டுமாறு சரிசெய்யுங்கள். எக்ஸ்புளோரரின் ஹேண்ட் பிரேக், ரோட்டரின் குடத்துக்குள் இருக்கும் சின்ன ஷூக்கள். அவை பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும், புதிதாகவே போட்டுவிடுங்கள். ரோட்டர் 11 அங்குலத்துக்குச் சற்று மேல், ஆகவே 15 அங்குலச் சக்கரம் வேண்டும். உங்கள் 14 அங்குலச் சக்கரத்தை வைத்துக்கொள்ள ஆசை என்றால், ஆக்சிலுக்குப் பணம் கொடுக்கும் முன் யார்டிலேயே ஒன்றை மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

இப்போது என் முடிவு. டி5உம் முன்பக்க டிஸ்க்கும் உறுதி, வெல்டு வேலைக்கு நம்பகமான பட்டறையும் இருக்கிறது என்றால் எக்ஸ்புளோரர் ஆக்சிலை எடுங்கள். கொடுக்கும் பணத்துக்கு லிமிட்டட் ஸ்லிப், டிஸ்க், 31 ஸ்ப்ளைன் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அப்படியில்லாமல் சி4 இருக்கும், டிரம் இருக்கும், கொஞ்சம் துள்ளலாகக் கிளம்பினால் போதும் என்றால், உங்கள் 8 அங்குல ஹவுசிங்கை விட்டுவிட்டு முன்பக்கம் கழலும் கியர் கூட்டை மட்டும் 3.25 ரேஷியோ, லிமிட்டட் ஸ்லிப்போடு கட்டியதாக மாற்றுங்கள். ஒரு வாரக்கடைசியில் முடிகிற வேலை, வெட்டும் இல்லை, வெல்டும் இல்லை, வண்டியின் அசல்தன்மையும் போகாது. உங்கள் வண்டியின் தரைத்தகட்டில் துரு எவ்வளவு, ஸ்பிரிங் கண் பிடிக்கும் இடம் திடமா என்பதையெல்லாம் நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. அங்கே துரு இருந்தால் இரண்டு திட்டத்தையும் தள்ளிவைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மாட்டி முடித்தபின்: ஸ்பிரிங் கண் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் இறுக்குங்கள், இல்லாவிட்டால் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து கிழியும். லிமிட்டட் ஸ்லிப் என்றால் ஆயிலோடு ஃபிரிக்ஷன் மாடிஃபயரும் சேர வேண்டும், சேர்க்காவிட்டால் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிரும். முதல் நூறு மைலுக்குப் பிறகு யு-போல்ட்டுகளை மறுபடி டார்க் வைத்து இறுக்குங்கள். ஓட்டும்போது மிதித்தால் மட்டும் அதிர்வு வந்து, காலை எடுத்தால் நின்றால் பினியன் மூக்கு மேலே அதிகம் எழுகிறது என்று பொருள். காலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் ஷாஃப்டின் பேலன்ஸைப் பாருங்கள். ஓரிரு டிகிரி பிசகுக்காக மேடையை வெட்டிப் பெயர்க்க வேண்டாம். ஸ்பிரிங்குக்கும் மேடைக்கும் நடுவே வைக்கும் ஆப்பு வடிவ ஷிம் 2 டிகிரி, 4 டிகிரி அளவுகளில் கிடைக்கிறது. அதை வைத்து யு-போல்ட்டை இறுக்கினால் கோணம் சரியாகிவிடும்.